லண்டன் தராசும் நம்ம தராசும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்.

அன்புள்ள அம்மாவுக்கு,

வீடியோவுல நீங்க பேரனை மட்டும்தான் பாக்குறீங்க, நான் பேசுறது யாரு காதுலயும் விழுறதில்ல. அதனாலதான் இந்தக் கடுதாசி.

பேரனுக்கு இன்னைக்கு அம்பத்தோராம் நாள். பொறந்தப்ப 3.1 கிலோ. அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அம்மா தராசுல போட்டா 2.9! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. முதல் வாரத்துல பத்துல ஒரு பங்கு வரைக்கும் குறையலாம், ரெண்டு கிழமைக்குள்ள ஏறிடும்னு சிரிச்சாங்க. தராசுல குறையுறது நமக்குத் தெரியாததா? நீங்க மலையில எடுத்த தேயிலைக் கொழுந்துல சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கழிச்சு எழுதுவாங்களே, அதேதான். ஒரே வித்தியாசம், லண்டன் தராசு கழிச்சதைப் பதிமூணாம் நாள் திருப்பிக் குடுத்துடுச்சு.

இங்க ஒரு சிவப்பு மட்டைப் புத்தகம் குடுத்திருக்காங்க. எடை, நீளம், தலைச்சுத்தளவு, எட்டாம் வாரத்து ஊசி எல்லாம் அதுல ஏறணும். வளைஞ்சு வளைஞ்சு போற கோடுகள் வேற, பசறை ரோட்டு மாதிரி. மகன் எந்தக் கோட்டுல போறான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாக்குறேன். “புள்ளையப் பாருங்க, புத்தகத்தை மூடுங்க”ன்னு உங்க மருமக கத்துறா.

கதவு சாத்துற சத்தம் கேட்டா ரெண்டு கையையும் விரிச்சுத் துள்ளுறான். “பயந்துட்டான், மந்திரிச்சுக் கட்டு”ன்னாங்க அம்மாயி. இங்க அதுக்குப் பேரு மோரோவாம். எர்ன்ஸ்ட் மோரோன்னு ஒரு குழந்தை டாக்டர் 1918லயே எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. நாலஞ்சு மாசத்துல தானாப் போயிடும். நான் டாக்டருக்கும் தலையாட்டினேன், முருகன் கோயில் திருநீறும் பூசினேன்.

தொட்டில் கட்டலாம்னா லயத்து வளைமரம் மாதிரி இங்க ஒண்ணுமே இல்ல. ஆணி அடிச்சா கூரையோட வீட்டுக்காரரும் சேந்து தலையில விழுவாரு. போதாததுக்கு, புள்ளையத் தலையணை இல்லாம, தட்டையான மெத்தையில, மல்லாக்கத்தான் போடணுமாம். 1991ல ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தூக்கத்துலயே போயிடுற பச்சப்புள்ளைங்க கணக்கு பாதிக்கு மேல குறைஞ்சதாம். அதைக் கேட்டப்புறம் தொட்டில் பேச்சை நான் எடுக்கல.

பொறப்பையும் பதிஞ்சாச்சு. 42 நாளைக்குள்ள பதியணும், நாப்பதாம் நாள் ஓடினேன். ஆனா இங்க பொறந்துட்டா மட்டும் இந்த நாட்டுப் பிரஜை ஆயிட முடியாது. 1983லேருந்து அப்பன் ஆத்தாள்ல ஒருத்தருக்காவது பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்கணும். தாத்தாவுக்கு 1948ல இலங்கையில வந்த ‘பிரஜாவுரிமை இல்ல’ங்கிற வியாதி கப்பலேறி பேரன் வீட்டு வாசலுக்கே வந்திருக்கு. என் விசாக் கடுதாசி ஏதோ ஒரு மேசையில தூங்குது, இவனை மாதிரியே மல்லாக்க.

அப்பன்மாருக்கு ரெண்டே வாரம்தான் லீவு. இப்ப பெட்ரோல் ஷெட்டுல நைட் வேலை. போன வாரம் விடியக்காலை வந்து அவன் முகத்துக்கிட்ட ஒரு சாண் தூரத்துல குனிஞ்சேன். அதுக்கு மேல தள்ளி நின்னா அவனுக்கு நான் வெறும் புகைதான். கண்ணை நேராப் பாத்துச் சிரிச்சான் அம்மா! தூக்கத்துல சிரிச்சப்பல்லாம் நரி விரட்டுதுன்னீங்களே, இந்தத் தடவை நரியெல்லாம் இல்ல. நான்தான்.

இன்னொரு விஷயம். உங்க சம்பந்தியம்மா, தன் மக மூணாம் மாசமே குப்புற விழுந்துட்டான்னு பெருமை பேசுறாங்க. நான் எப்ப விழுந்தேன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியல. உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, பிரசவ லீவு முடிஞ்சு வேலைக்கு, பெரட்டுக்குப் போயிருப்பீங்க. பாத்தது தோட்டத்துல புள்ளைங்களப் பாத்துக்கிட்ட புள்ளக்காம்பரா ஆயாவாத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை லுணுகலை கடைத்தெருவுல கண்டா மறக்காம விசாரிச்சு எழுதுங்க. மூணு மாசத்துக்கு மேலன்னு சொன்னா, கொஞ்சம் கழிச்சு எழுதுங்க.

இப்படிக்கு,
உங்க மகன்