ஒன் பாயின்ட் ஒன் சார்

அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும். மற்றபடி, கோவைப் பக்கத்து பம்பு கம்பெனி எதில் நுழைந்து ‘ஒன் பாயின்ட் ஒன் சார்’ என்றாலும் வாட்ச்மேன் கைகாட்டிவிடுவார். ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிக்கு ஒருவர்.

சட்டைப் பையில் நான்கு நிறப் பேனா, மேசையில் மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டு, முதுகுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. “ஒரு லெட்டர் போடணுங்க சார்” என்று யாராவது வாயெடுத்தால் போதும், டிராபிக் போலீஸ் மாதிரி கை உயரும். “எழுதறது கடைசி வேலைங்க. மொதல்ல ஸ்ட்ரக்சர்.”

தங்கை மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோதுகூட ‘1.1 பின்னணி, 1.2 நோக்கம், 1.3 வரம்புகள்’ என்றுதான் எழுதினார். எத்தனை நாள் லீவு என்பது மட்டும் விட்டுப்போனது. முதலாளி இரண்டு நாள் என்று எடுத்துக்கொண்டார். முதலாளிகள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் தலைப்புகளுக்கு ஒன்பது நிலைகள் உண்டு. நம்மில் பலர் மூன்றாவதைத் தாண்டாமலே ரிட்டயர் ஆகிவிடுகிறோம். அவரோ ஒன்பதிலும் குடித்தனம் நடத்தியவர். பத்தாவது இல்லையே என்பதுதான் அவர் குறை. ஒரு தலைப்பின் கீழ் ஒரே ஓர் உட்தலைப்பு நிற்பதை அவரால் பார்க்க முடியாது. துணைக்கு இன்னொன்றை உண்டாக்குவார். அதற்குக் கீழே மறுபடி இரண்டு. வம்சம் இப்படித்தான் விருத்தியாகிறது.

படிக்காதவர் என்று சொல்லிவிட முடியாது. 1963-ல் மெக்கின்சி நிறுவனத்தில் சேர்ந்த பார்பரா மின்டோவையும் அவருடைய பிரமிட் முறையையும் பற்றி டீ ஆறும்வரை பேசுவார். சொல்ல வந்த முடிவை உச்சியில் வை, காரணங்களை அதன் கீழே அடுக்கு என்பது அந்த அம்மையாரின் உபதேசம். இவர் அடித்தளத்தைத்தான் அகலப்படுத்திக்கொண்டே போவார். உச்சிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. 2004-ல் அமேசானின் ஜெஃப் பெசோஸ், மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, முழு வாக்கியங்களாக எழுதிக்கொண்டு வரச் சொன்ன கதையை மட்டும் யாரும் அவரிடம் சொல்வதில்லை. புள்ளி வைத்தே பிழைக்கிறவர் வயிற்றில் எதற்கு அடிக்க வேண்டும்?

அவரை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் பேங்க் லோனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாராகும் பருவத்தில் போக வேண்டும். புதிதாக ஒரு சி.என்.சி. லேத் வாங்க டேர்ம் லோன், கூடவே ஓ.டி. லிமிட்டையும் உயர்த்த வேண்டும். வெள்ளைப் பலகை நிறைந்து, ஒட்டுத்தாள்கள் ஜன்னல் கண்ணாடிக்குப் பரவி, வெளிச்சத்தை மறைக்கும். ஆளில்லாத நேரத்தில் ஃபேன் போட்ட ஆபீஸ் பையன் சந்தைப் பகுப்பாய்வையும் இடர்ப்பாட்டு மேலாண்மையையும் தரையிலிருந்து பொறுக்கி, தோன்றிய இடத்தில் ஒட்டிவைத்தான். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தொழில்முனைவோர் யார், என்ன மெஷின், சரக்கு யாருக்குப் போகும், பணம் எங்கிருந்து வரும், தவணை கட்ட மிச்சம் நிற்குமா என்று பேங்க்காரர் கேள்வி கேட்கும் வரிசை ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் எழுத உட்கார்ந்தால், மெஷினின் விலையைச் சொல்ல மறந்துவிட்டுத் தாத்தா காலத்துப் பட்டறையின் பெருமையை நான்கு பக்கம் எழுதிவிடுவோம். சிறு தொழில்களின் நடைமுறை மூலதனத்துக்கு ஒரு கணக்கே உண்டு: எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் பேங்க், 5 சதவீதம் நம் கைக்காசு. இதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

தொகையைத்தான் போட மாட்டார். போட வேண்டுமானால் அடுத்த வருஷம் எவ்வளவு விற்கும் என்று யாராவது துணிந்து சொல்ல வேண்டும். கைக்காசு எவ்வளவு இறங்கும் என்று முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். தலைப்பு வைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒருநாள் முதலாளியே வந்து நின்றார்.

“ஏனுங் சார், நமக்கு எவ்வளவு கடன் வேணும்னு இதுல எங்கீங்க இருக்குது?”

“7.3.2-ல வருதுங்க சார். தலைப்பு வெச்சாச்சு. உள்ளே நிரப்பறதுதான் பாக்கி.”

“மெஷின்காரன் கொட்டேஷன் முப்பது நாளைக்குத்தானுங்களே?”

“அது அனெக்சர்ங்க சார். அனெக்சர் ஸ்ட்ரக்சர் இனிமேல்தான்.”

கொட்டேஷன் காலாவதியானது. புதிய கொட்டேஷன் கூடுதல் விலையோடு வந்தது. அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெண் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்துவிட்டு, முதலாளிக்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று என இரண்டே போன் போட்டாள். எவ்வளவு வேண்டும், எதற்கு, எப்படித் திருப்பிக் கட்டுவோம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லி இரண்டு பக்கம் அடித்தாள். ஆடிட்டர் தந்த கணக்குத்தாள்களைப் பின்னால் வைத்து அனுப்பினாள். 7.3.2 என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. லோன் சாங்ஷன் ஆனது.

முதலாளி ஸ்வீட் பாக்ஸை நீட்டியபோது முதல் ஜிலேபியை எடுத்துக்கொண்டவர் நம் சார்தான். பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பார்த்தீங்களா? ஸ்ட்ரக்சர் மட்டும் பக்காவா இருந்துட்டா, எழுதறது ஒரு சாப்பாட்டு நேரத்து வேலைங்க.”