கஞ்சி போட்ட பீரங்கி

முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பொம்மைப் பீரங்கி செய்கிறவனுக்கு முதல் எதிரி ஜெர்மன்காரன் இல்லை, சொந்தக் கட்டைவிரல். பிளாஸ்டிக் பசை காய்வதற்குள் தொட்டுவிட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். என் விரல் 2 செ.மீ. அகலம். 35-ஆல் பெருக்கினால் 70 செ.மீ. அவ்வளவு பெரிய கட்டைவிரலோடு ஒரு சிப்பாய் 1942-ல் எகிப்தின் எல் அலமெய்ன் போர்க்களத்தில் இருந்ததாக எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை. என் பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கியின் கேடயத்தில் மட்டும் அவன் ரேகை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இதற்கு ஒரே மருந்து உருமறைப்பு வலை. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் பீரங்கிகள்மேல் ஏன் இவ்வளவு வலை கிடக்கிறது என்று யோசித்ததுண்டா? ஆகாயத்திலிருந்து வேவு பார்க்கிறவனுக்காக அல்ல. ஷோகேஸ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்க்கும் மைத்துனனுக்காக.

அசல் வலை ரொம்ப எளிமையான பொருள். முடிச்சுப் போட்ட நூல்வலை. அதன் கண்களில் சாக்குத்துணிப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்திருப்பார்கள். பட்டையின் அகலம் சுமார் 5 செ.மீ. என்றால், நம் அளவில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நடுவில் நெருக்கமாக, ஓரத்துக்குப் போகப் போக இளக்கமாக. ஓரம் சட்டென்று முடிந்தால் தரையில் நேர்கோடாக நிழல் விழும். மேலே பறக்கிறவன் பீரங்கியைத் தேட மாட்டான்; அந்தக் கோட்டைத்தான் தேடுவான்.

இந்த வித்தையை ராணுவத்துக்குச் சொல்லிக்கொடுக்கக் கலைஞர்களைத்தான் கூப்பிட்டார்கள். எகிப்தில் பிரிட்டிஷ் உருமறைப்புக்குத் தலைமை தாங்கிய ஜெஃப்ரி பார்க்காஸ் சினிமா டைரக்டர். இங்கிலாந்தில் ஊர்க்காவல் படைக்குப் பாடம் எடுத்த ரோலண்ட் பென்ரோஸ் சர்ரியலிச ஓவியர். 1941-ல் ஒரு கையேடும் எழுதினார். வகுப்பில் தூங்கி வழிகிறவர்களை எழுப்ப அவர் ஸ்லைடுகளுக்கு நடுவே ஒரு படத்தைச் சொருகி வைத்திருந்தார்: புகைப்படக் கலைஞர் லீ மில்லர், புல்தரையில், உருமறைப்புச் சாயத்தையும் வலையையும் தவிர வேறொன்றும் உடுத்தாமல். சரித்திர ஆர்வத்தில் இதை வீட்டில் சொன்னேன். “ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இதைத்தான் படிச்சிட்டிருந்தீங்களா?” என்றாள் மனைவி. அதோடு சரித்திரத்தை மூடிவைத்துவிட்டு வேலையில் இறங்கினேன்.

வலைக்கு முதலுதவிப் பெட்டியிலிருந்த பேண்டேஜ் துணி. அதை மூலைவாட்டில் வெட்ட வேண்டும். அப்போதுதான் கட்டங்கள் சாய்ந்து நிற்கும். நேராக வெட்டிப் போர்த்தினால் பீரங்கி ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்ததுபோல இருக்கும். இலைக்குப் பலர் காய்ந்த தேயிலைத்தூளைத் தூவுகிறார்கள். கசூரி மேத்தியும் ஜோராக இருக்கும். ஆனால் எல் அலமெய்ன் பாலைவனத்தில் வெந்தயக்கீரைக்கு எங்கே போவது? மணல் நிறம் பூசிய டிஷ்யூ பேப்பரைப் பட்டை பட்டையாகக் கத்தரித்து ஒட்டினேன். மேத்தி டப்பா தப்பியது. (என் ஆராய்ச்சியால் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதானாம்.)

எல்லாம் முடித்துப் போர்த்தினால், வலை தொங்க மறுத்தது. விறைத்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. காரணம் கணக்கில் இருக்கிறது: நீளம், அகலம், உயரம் மூன்றையும் 35 மடங்கு சுருக்கினால் எடை 42,875 மடங்கு குறைகிறது. அசல் வலை தன் கனத்திலேயே தொய்ந்து விழும். என் வலைக்குக் கனமே கிடையாது, வீம்பு மட்டும் ஏராளம். இதையெல்லாம் காகிதத்தில் கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினேன். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை.

“என்னங்க, அத்தை காட்டன் புடவைக்கு என்ன பண்றாங்க? கஞ்சியில நனைச்சுப் பிழிஞ்சு உதறிக் காயப்போடறாங்க இல்ல? ஈரத்துல எப்படி இழுத்து விடறோமோ அப்படியே நிக்கும்.”

ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து நனைப்பதுதான் சம்பிரதாயம். தத்துவம் ஒன்றுதான் என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. ஃபெவிகால் டப்பா காலி என்பதும் ஒரு காரணம். சோறு வடித்த கஞ்சியைக் கொண்டுவந்து, அவளே வலையை முக்கி எடுத்து, நான் நட்டுவைத்த ஊதுபத்திக் குச்சிகள்மேல் போட்டாள். குச்சிக்குக் குச்சி நடுவில் விரல் நுனியால் ஒரு அழுத்து. அவ்வளவுதான். பார்க்காஸ் பார்த்திருந்தால் கெய்ரோவுக்குக் கையோடு கூட்டிப்போயிருப்பார்.

மறுநாள் காலை பாலைவனத்தில் கட்டெறும்புகள். ஒவ்வொன்றும் ஒரு செ.மீ.; அளவுப்படி 35 செ.மீ. ஜெர்மன் தளபதி ரோம்மலிடம்கூட இப்படி ஒரு படைப்பிரிவு இருந்ததில்லை. ஊதி விரட்டிவிட்டு, மேலே மேட் வார்னிஷ் அடித்ததும் வரத்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்து, எதிர்பார்த்தபடியே கண்ணாடியில் மூக்கை ஒட்டினான்.

“உள்ளே என்ன அத்தான் இருக்கு?”

“25 பவுண்டர் பீரங்கி.”

“ஒண்ணும் தெரியலையே. வலையைக் கொஞ்சம் தூக்குங்களேன்.”

“தூக்கக்கூடாது. ராணுவ ரகசியம்.”

பேச்சை மாற்ற எல் அலமெய்ன் கதையை எடுத்துவிட்டேன். 1942 அக்டோபர் 23-ம் தேதி தாக்குதலுக்கு முன்னால் 25 பவுண்டர்களை பிரிட்டிஷ்காரர்கள் வலையோடு மட்டும் விடவில்லை. பீரங்கியையும் அதன் குண்டுவண்டியையும் சேர்த்து நிறுத்தி, மேலே லாரி வடிவில் கித்தானைப் போர்த்திவிட்டார்கள். ஜெர்மானியர்கள் கண்ணுக்கு அது சும்மா நிற்கிற லாரி.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“அப்போ ஒரு லாரி பொம்மையை மட்டும் வாங்கி வெச்சிட்டு, உள்ளே பீரங்கி இருக்குன்னு சொல்லியிருக்கலாமே அத்தான்? லாரி எவ்வளவு, பீரங்கி எவ்வளவு?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் அக்காவும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.