ஐந்து கிலோ புரட்சி

இந்திய மண்ணைக் காப்பாற்ற மத்திய அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. யூரியா மூட்டையில் ஐந்து கிலோவைக் குறைத்தது.

கேலி இல்லை. 2018 வரை மூட்டை 50 கிலோ. அதன் பிறகு 45. விவசாயி உரத்தைக் கிலோ கணக்கில் போடுவதில்லை, மூட்டைக் கணக்கில்தான் போடுகிறார். ஏக்கருக்கு இரண்டு மூட்டை போட்டுப் பழகியவர் மூட்டை சிறுத்தாலும் இரண்டுதான் போடுவார். சத்தமில்லாமல் பத்து சதவீதம் குறைந்துவிடும். படித்தவர்கள் கூடிப் பேசி, கோப்பு நகர்த்தி, கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவு இது. கைப்பிடியால் விதை அளக்கிற மனிதருக்கு 50க்கும் 45க்கும் வித்தியாசம் தெரியாது என்று டெல்லி நம்பியது. தெரிந்தது. மூன்றாவது மூட்டை வாங்கினார்.

அதற்குச் சில மாதங்கள் முன்னால், 2017 நவம்பரில், வானொலியில் 'மனதின் குரல்' பேசிய பிரதமர், சுதந்திரத்தின் 75ஆவது ஆண்டான 2022க்குள் யூரியாவைப் பாதியாகக் குறையுங்கள் என்று விவசாயிகளைக் கேட்டுக்கொண்டார். அப்போது நாடு ஆண்டுக்குச் சுமார் 300 லட்சம் டன் யூரியா போட்டுக்கொண்டிருந்தது. 2022-23இல் போட்டது 357 லட்சம் டன். மூட்டை இளைத்தது. மூட்டைகளின் எண்ணிக்கை கொழுத்தது.

ஏன் என்று கேட்க நிபுணர் குழு வேண்டாம். விலைப்பட்டியல் போதும். வேம்புப் பூச்சு, வரி எல்லாம் சேர்த்து 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. கிலோ ஆறு ரூபாய்கூட இல்லை. மளிகைக் கடையில் ஒரு கிலோ உப்பு இந்த விலைக்குக் கிடைக்காது. அந்த மூட்டையின் அசல் அடக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் என்று அரசே பெருமையாகச் சொல்கிறது. மீதி மானியம். மூட்டையின் விலையைத் தவிர மற்றதெல்லாம் ஏறிவிட்டது. யூரியாவின் அடிப்படை விலை 2012இலிருந்து அசையவில்லை. 2012இல் ஒரு டீ என்ன விலை என்று நினைத்துப் பாருங்கள்.

2010இல் இன்னொரு கெட்டிக்காரத்தனம் நடந்தது. சத்துக்கு ஏற்ற மானியம் என்று புதிய முறை கொண்டுவந்தார்கள். டி.ஏ.பி., பொட்டாஷ் எல்லாம் அதற்குள் போயின, விலையும் ஏறியது. யூரியாவை மட்டும் வெளியே நிறுத்திவைத்தார்கள். அதைத் தொட்டால் ஓட்டு போகும் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும். இதில் மட்டும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி பேதமே இல்லை. ஒரே கடையில் யூரியா மூட்டை 266, பக்கத்தில் டி.ஏ.பி. மூட்டை 1,350. கையில் காசில்லாதவர் எதை எடுப்பார்? தழை, மணி, சாம்பல் சத்து நாலுக்கு இரண்டுக்கு ஒன்று என்று இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகம். 2022-23இல் நாட்டின் மண்ணில் விழுந்தது கிட்டத்தட்ட பன்னிரண்டுக்கு ஐந்துக்கு ஒன்று. இந்தக் கணக்கை எழுதியது விவசாயி அல்ல.

விலையைத் தொட முடியாதவர்கள் மூட்டையைத் தொட்டார்கள். 2015இல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசினார்கள். அது நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்வோம். சத்து மெதுவாகக் கரையும், யூரியா பிளைவுட் பசைக்குக் கடத்தப்படுவதும் குறையும். 2018இல் ஐந்து கிலோ போயிற்று. 2022இல் பெயர் போயிற்று. ஒரே நாடு, ஒரே உரம். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் பெயர் 'பாரத்'. மூட்டையின் மூன்றில் இரண்டு பங்கு இடம் அரசுத் திட்டத்தின் பெயருக்கும் சின்னத்துக்கும். மிச்சத்தில்தான் கம்பெனி தன் பெயரையும் மற்ற விவரத்தையும் அடைத்துக்கொள்ள வேண்டும். 2023இல் கந்தகம் பூசி 'யூரியா கோல்டு' என்றார்கள். எடை 40 கிலோ, விலை அதே 266.50. பூச்சு மாறியது, எடை மாறியது, பெயர் மாறியது, நிறம் மாறியது. சாக்கைத் திருத்தி மண்ணைத் திருத்தலாம் என்று உலகில் வேறு எந்த அரசுக்கும் தோன்றியிருக்காது.

சாக்கு சலித்ததும் பாட்டிலுக்கு வந்தார்கள். 2021இல் நானோ யூரியா. அரை லிட்டர் பாட்டில், 240 ரூபாய். ஒரு மூட்டைக்கு ஒரு பாட்டில் சமம் என்று விளம்பரம். நாமே கணக்குப் போடலாம், பள்ளிக்கூடக் கணக்குதான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல். முதலில் வந்த நானோ பாட்டிலில் 4 சதவீதம். அரை லிட்டரில் 20 கிராம். இருபது கிலோவும் இருபது கிராமும் ஒன்று. விஞ்ஞானிகள் கேள்வி கேட்டார்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வயலில் போட்டுப் பார்த்து விளைச்சல் குறைகிறது என்றது. பிறகு பாட்டிலில் சத்தைக் கூட்டினார்கள். அப்போதும் கணக்கு கிராமிலிருந்து கிலோவுக்கு ஏறவில்லை. மூட்டைதான் பாட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு விற்கிறது.

எப்படி என்று பார்க்க, சம்பா மேலுரம் போடும் நாளில் காவிரி டெல்டாவில் ஏதாவது ஒரு உரக் கவுன்டருக்குப் போய் நில்லுங்கள். இரண்டு மழைக்கு நடுவில் கிடைத்த வெயிலில் வரிசை நிற்கும். ஆளுக்கு ஒரு ஆதார் நகல். மேசையில் கைரேகை மிஷின்.

"தம்பி, ரெண்டு மூட்டை போடுங்க."

"விரலை வைங்கண்ணே... விழல. துடைச்சுட்டு வைங்க. அடுத்த விரல்..."

நாற்றுப் பறித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? ஐந்தாவது விரலில் மிஷினுக்கு மனம் இரங்குகிறது.

"மூட்டை ரெண்டு, பாட்டில் ஒண்ணுண்ணே."

"பாட்டில் எனக்கு எதுக்கு தம்பி?"

"எங்களுக்கு மட்டும் எதுக்கு? மேலேருந்து இறக்கிட்டாங்க. நான் என்ன பண்ண?"

இணைப்பொருள் என்று இதற்குப் பெயர். இணைப்பொருளை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் கடும் நடவடிக்கை என்று ஆண்டுதோறும் மாவட்டந்தோறும் அறிக்கை வரும். நடக்காத ஒன்றுக்கு யாரும் ஆண்டுதோறும் அறிக்கை விடுவதில்லை.

அந்தக் கைரேகை எதற்கு? நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காம். நேராக யாருக்குப் போகிறது பணம்? விவசாயிக்கா? அவர் விரலை வைத்து மூட்டையை வாங்கியதும், மானியம் உரக் கம்பெனியின் கணக்குக்குப் போகிறது. ரேகை இவருடையது, ரொக்கம் அவர்களுடையது. "விவசாயிக்கு லட்சம் கோடி கொடுத்தோம்" என்ற மேடைப் பேச்சு மட்டும் இவர் தலையில்.

மூட்டை வயலுக்கு வந்த பிறகு நடப்பதையும் பார்ப்போம். வீசிய யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதியில் கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடாகப் போகிறது. கரியமில வாயுவை விட ஏறத்தாழ 270 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. கொஞ்சம் நைட்ரேட்டாகி நிலத்தடிக்கு இறங்குகிறது. ஆக, மானியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்கும் கிணற்றுக்கும்தான். இதற்கு நிதியமைச்சரின் பட்ஜெட்டில் உறுப்பினர்கள் மேசையைத் தட்டுகிறார்கள்.

யூரியா போட்ட நாலாம் நாள் பயிர் கருகருவென்று பச்சை கட்டும். பார்க்க அழகு. அந்தப் பச்சையை நம்மைவிட ரசிப்பது இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும். தண்டு கொழகொழத்து, ஒரு காற்றில் பயிர் சாயும். புழுவுக்கு மருந்து. மருந்தைச் சொல்வது யார்? வேளாண் அலுவலர் வருவதற்குள் அறுவடை வந்துவிடும், கடைக்காரர்தான் டாக்டர். அவர் கொடுக்கும் கலவையில் புழுவோடு சிலந்தி சாகும், தட்டான் சாகும், தவளை சாகும். புழுவைத் தின்று வயலைக் காத்த கூலியில்லா வேலையாட்கள் இவர்கள்தான். அடுத்த போகத்தில் புழு மட்டும் திரும்பி வரும். வரப்பில் நண்டு வளை தேடிய பிள்ளைகளும், வடிகாலில் கெண்டையும் விராலும் அள்ளிய பெண்களும் டெல்டாவில் இருந்தார்கள். இன்று வயல் மீன் என்றால் சந்தைக்குப் போக வேண்டும். அங்கே இருப்பது பண்ணை மீன்.

வயலில் வழிந்தது வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு. ஊர்ச் சாக்கடையும் அதோடு சேர, ஆகாயத்தாமரை குளத்தை மூடுகிறது. அதை அகற்ற டெண்டர். தண்ணீர் கெட்டதும் ஊருக்கு ஆர்.ஓ. இயந்திரம். அதற்கும் டெண்டர். அதன் திறப்பு விழாவுக்குப் பந்தல். யூரியாவுக்கு ஒரு முறை, அது வளர்த்த தாமரைக்கு ஒரு முறை, அது கெடுத்த தண்ணீருக்கு ஒரு முறை. ஒரே குற்றத்துக்கு மூன்று முறை அபராதம் கட்டுகிறோம். குற்றம் செய்தவர் ரிப்பன் வெட்டுகிறார்.

மாற்று வழிக்கு எதுவும் செய்யவில்லையா? செய்தார்களே. 2015இல் மண்வள அட்டை கொடுத்தார்கள். உங்கள் மண்ணில் தழைச்சத்து எவ்வளவு, யூரியாவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அட்டை சொல்லும். அதிகம் போடு என்று விலை சொல்லும். அட்டை ஜெயித்ததா, விலை ஜெயித்ததா? 2024 நவம்பரில் தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து 2,481 கோடி. பெரிய தொகைதான். 2022-23இல் உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி. அந்தக் கணக்கில், இயற்கைக்கு மொத்தமாக ஒதுக்கியதை ரசாயனத்துக்கு நாலு நாளில் செலவழித்துவிடுகிறோம். ஆண்டின் மீதி 361 நாளும் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

தமிழ்நாடும் இளைத்ததில்லை. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆனது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து பாதுகாப்பு. உரச் சாக்கிலிருந்து இல்லை. 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட். 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கை. இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் பெயரில் விருது. அந்த மனிதர் ரசாயன ஆராய்ச்சி வீண் என்று கோவில்பட்டி அரசுப் பண்ணை வேலையை உதறிவிட்டு வெளியே வந்தவர். மீத்தேன் திட்டத்துக்கு எதிராக டெல்டாவில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதே 2013 டிசம்பரில் கண்ணை மூடியவர். உயிரோடு இருந்தவரைத் தொந்தரவாக நினைத்தார்கள். போன பிறகு ஐயா. பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதைக்கு மானியம் தருகிறார்கள். அது நல்ல காரியம், கை தட்டலாம். ஆனால் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது, காத்திருந்து விளைவித்தவரின் நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் ஒரு ரூபாய் கூடுதல் உண்டா? மூட்டை மூட்டையாக யூரியா கொட்டியவரின் நெல்லும் அதே தராசு, அதே விலை. எடைக்குத்தான் காசு. மண்ணுக்கு மேடையில் மாலை.

இவ்வளவுக்கும் பிறகு, குளிரூட்டிய கருத்தரங்கில் ஒருவர் எழுந்து, "விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதாது" என்பார். நாலு பேர் தலையாட்டுவார்கள். எத்தனை விலையில் எதை விற்றால் மக்கள் எதை வாங்குவார்கள் என்ற விழிப்புணர்வு விவசாயிக்கு நன்றாகவே இருக்கிறது. இல்லாதது கருத்தரங்கில்தான். உர மானியத்தில் ஒரு பகுதியைக் கம்பெனிக்குக் கொடுக்காமல் ஏக்கர் கணக்கில் விவசாயியின் கையிலேயே கொடுத்து, எந்த உரம் வேண்டுமோ அதை அவரே வாங்கட்டும் என்று விட்டால் என்ன? சாணமோ, புண்ணாக்கோ, பொட்டாஷோ அவர் பாடு. பல ஆண்டுகளாகப் பொருளாதார நிபுணர்கள் சொல்லும் யோசனை இது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. விவசாயி கையில் பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவாராம். காற்றுக்கும் கிணற்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு கொடுப்பவர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு வயல் இல்லையே, நகரத்தில் போர்வெல் போட்டு நிம்மதியாக இருக்கிறேன் என்கிறீர்களா? குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. மூட்டைக்கும் 45, தண்ணீருக்கும் 45. மூட்டை விஷயத்தில் மட்டும்தான் கறார். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த அளவைத் தாண்டியிருக்கிறது. இதில் உரத்தோடு கழிவுநீருக்கும் பங்கு உண்டு. யார் பங்கு எவ்வளவு என்று அதிகாரிகள் சண்டை போட்டுத் தீர்க்கட்டும். நீங்கள் உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் இந்த வாரமே கொடுங்கள். காய்ச்சிக் கொடுக்கிறோமே என்று தைரியமாக இருக்காதீர்கள். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற, அதன் அளவு கூடும்.