கோட்டாத் தகப்பனார்

தீர்த்தமலையில் அரூர் பஸ்ஸுக்காக நிற்கும் ஜனங்களிடையே, ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, மழை வருமோ என்று வானத்தையும், மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு எவராவது உரசிவிடுவாரோ என்று அக்கம்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒருவர் நின்றால், நிலத் தகராறுக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ஃபைலுக்குள் இருப்பவை, அவருடைய சீமந்த புத்திரன் ஆறாம் வகுப்பு முதல் ஓடியது, தாண்டியது, எறிந்தது ஆகிய சகல பராக்கிரமங்களுக்கும் உரிய சான்றிதழ்கள். அவற்றை லேமினேஷன் செய்யலாமா, செய்தால் அதிகாரி ஒப்புக்கொள்வாரா என்பதை அவர் இரண்டு வருஷ காலம் பலரிடமும் விசாரித்து, கடைசியில் பாதியைச் செய்தும் பாதியைச் செய்யாமலும் வைத்திருக்கிறார். மகனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தேடும், ஊருக்கு நாலு பேராவது தேறும் இந்த வர்க்கத்துக்குக் கோட்டாத் தகப்பனார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், எம்.பி.பி.எஸ்.ஸில் 7, அரசு கலைக் கல்லூரிகளில் நூற்றுக்கு 3 என்ற கணக்கை, தீர்த்தகிரீசுவரர் சந்நிதியில் அர்ச்சகர் நாமாவளி சொல்லும் வேகத்தில் அவர் ஒப்பிப்பார். மலைமேலுள்ள ராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகஸ்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் ஆகிய ஐந்தையும் வரிசையாகச் சொல்லச் சொன்னால் மூன்றோடு நின்று தலையைச் சொறிவார். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம், தேசியம் என்று போட்டிகள் ஏறிப்போகும் படிகளிலோ ஒருபோதும் தடுமாறமாட்டார்.

இவ்வளவு சிரத்தையுள்ள மனிதருக்கு விளையாட்டில் ருசி உண்டா என்றால், கிடையாது. மகன் தொடையைத் தட்டிக்கொண்டு எதிரணிக்குள் பாய்ந்து மூன்று பேரைச் சாய்த்துவிட்டுத் திரும்புகிற தருணத்தில், இவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி சான்றிதழ் எழுதும் மேஜையருகே நின்று, இனிஷியல் முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா, பிறந்த தேதி பள்ளிப் பதிவேட்டோடு ஒத்திருக்கிறதா என்று எழுதுகிறவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆட்டங்களின் தரத்தை நிர்ணயிப்பதற்கு அவர் ஒரு சித்தாந்தம் வைத்திருக்கிறார். எந்த ஆட்டத்தை மிகக் குறைவானவர்கள் ஆடுகிறார்களோ அதுவே உத்தமமான ஆட்டம். ஆகவே ஜனங்கள் கூடி ஆர்ப்பரிக்கும் கபடி அவருக்கு வேப்பங்காய்.

"சார், எவனும் சீந்தாத ஆட்டமா ஒண்ணு சொல்லுங்க" என்று உடற்கல்வி ஆசிரியரிடம் அவர் கேட்பார்.

"பையனுக்கு எதுலங்க இஷ்டம்?"

"அவன் இஷ்டம் கிடக்குதுங்க சார். கபடிங்கிறான். ஊர்ல நாய்க்குட்டிகூடக் கபடி ஆடுது."

இதன் பிறகு வாள்சண்டை, ஸ்குவாஷ், ரோலர் ஸ்கேட்டிங் என்று ஒவ்வொன்றாக ஆலோசனைக்கு வரும். துடுப்புப் படகு ஓட்டுவதற்குப் போட்டியே இராது என்று எவரோ சொல்லக் கேட்டு, சித்திரை மாதத்துத் தென்பெண்ணையை அவர் நேரில் போய்ப் பார்வையிட்டு, கண்ணுக்கெட்டியவரை மணலாகக் கிடந்தபடியால் மனக்கிலேசத்தோடு திரும்பியதும் உண்டு. சிலம்பத்தின் கதை இன்னும் விசித்திரம். இவருடைய தகப்பனாரான கிழவனார் உயிரோடிருந்தபோது பேரனுக்குக் கம்பு சுற்றக் கற்றுக்கொடுக்க முன்வந்ததும், "படிக்கிற பிள்ளையைக் கெடுக்காதீங்க" என்று தடுத்தவர் இவரே. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று, பரண்மேல் ஏறி அந்தக் கம்பைத் தேடியவரும் இவரே.

இவரைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் 1970-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை நினைத்தால் எனக்குப் பரிகாசம் பாதியில் நின்றுவிடுகிறது. பாடங்களுக்கு 200 மதிப்பெண், நேர்முகத்துக்கு 75. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்குப் புறம்பான விசேஷ சேவை, தேகநிலையும் தாங்கும் சக்தியும், பொதுத் திறமை, நாட்டம் ஆகிய ஐந்து லட்சணங்களையும் பார்த்து அந்த 75-ஐ வழங்க வேண்டும் என்பது விதி. நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் பையனுடைய தாங்கும் சக்தியைச் சில நிமிஷங்களில் எவ்வாறு அளந்தார்களோ, அது அந்தக் குழுவினருக்கே வெளிச்சம். எந்த லட்சணத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் மொத்தமாக ஒரு தொகையைப் போட்டது சட்டவிரோதம் என்று, பெரியகருப்பன் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. அதிகாரியின் மனத்தில் இருக்கும் மதிப்பைவிட முத்திரை வைத்த காகிதத்தை நம்புவதே சிபாரிசுக்கு ஆளில்லாத குடியானவனுக்கு க்ஷேமம் என்பது என் அபிப்பிராயம். கோட்டாத் தகப்பனார் பெரியகருப்பன் பெயரைக் கேள்விப்பட்டவர் அல்லர். இருந்தும் இந்த உண்மை அவருக்கு எப்படியோ எட்டியிருக்கிறது.

2019-ல் அமெரிக்காவில் சில சீமான்கள், படகுப் போட்டியையே அறியாத தங்கள் குழந்தைகளைத் துடுப்புப் பயிற்சி யந்திரத்தின்மேல் உட்காரவைத்துப் படம் பிடித்து, லட்சக்கணக்கான டாலரும் கொடுத்துப் பெரிய சர்வகலாசாலைகளில் நுழைத்து, பிறகு அகப்பட்டுக்கொண்ட விருத்தாந்தத்தை இவரிடம் ஒருநாள் விஸ்தாரமாகச் சொன்னேன். தர்ம நியாயத்தைப் பற்றி ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "வெறும் போட்டோவுக்கே சீட்டா சார்? நாம வாராவாரம் தர்மபுரிக்கு பஸ் சார்ஜ் கொடுத்து நிஜமாவே ஆட அனுப்புறோமே!" என்று நஷ்டக் கணக்குப் பார்த்தார்.

பையனோ, மாசித் தேரின்போது மலைப்படிகளை ஒரே மூச்சில் ஏறி, ராம தீர்த்தத்தில் தலையை நீட்டி நனைத்துவிட்டு, தகப்பனார் பாதி வழி வருவதற்குள் இறங்கியும் வந்துவிடுகிறவன். அதற்குச் சான்றிதழ் கொடுப்பார் இல்லாதபடியால் அவர் அதைக் கவனித்ததில்லை.

எப்படியோ காரியம் கைகூடும். மொரப்பூரில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஃபைலை அதிகாரி முன் விரித்து, அவர் புரட்டாத பக்கங்களையும் தாமே புரட்டிக் காட்டி, கடைசியில் அந்தக் கபடிச் சான்றிதழின் புண்ணியத்தினாலேயே சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் வாங்கிவிடுவார். ஒரு மாதம் சென்றதும் பையன் போன் பண்ணுவான். காலேஜ் டீமில் சேர்த்துக்கொண்டார்கள், காலுக்கு ஷூ வேண்டும் என்பான்.

"அதான் சீட்டு கெடச்சிருச்சேடா! இன்னும் எதுக்குடா ஆடிக்கிட்டு இருக்கிற?"