'நூறு' சார்

மார்கழி பிறந்தால் பெருமாள் கோயிலில் வெண்பொங்கல், சபாக்களில் கச்சேரி, நம்ம 'நூறு' சார் வீட்டில் வருடாந்தரக் கணக்கு முடிப்பு. டிசம்பர் 31 ராத்திரிக்குள் அந்த ஆண்டு படித்த புத்தகப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டாக வேண்டும். நூறு என்று ஜனவரியிலேயே அறிவித்தாயிற்று.

அறிவிப்பு பிறந்த இடம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சி. பத்து சதவீதக் கழிவில் இரண்டு கட்டைப்பை நிறைய வாங்கி, வாசலில் டெல்லி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அறிவித்தார். வீடு திரும்பியதும் புத்தகங்களை அடுக்கி, முதுகெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போட்டார். முந்நூறு பேர் பாராட்டினார்கள். பாதி படித்து முடித்த திருப்தி அப்போதே வந்துவிட்டது.

அவர் கணக்குக்கென்று சில விதிகள் உண்டு. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், ஆகவே ஐந்து புத்தகம். புதுமைப்பித்தன் கதைகளின் முழுத்தொகுப்பைத் தொடவே மாட்டார். அத்தனை பக்கம் படித்தும் ஒன்றுதானே ஏறும்! ஜெயமோகன் மகாபாரதத்தை 2014இல் தொடங்கி 2020க்குள் 'வெண்முரசு' என்று 26 நாவல்களாக எழுதி முடித்தார். நம்மவரும் வருடா வருடம் முதல் நாவலான 'முதற்கனல்' எடுக்கிறார். இன்னும் அதிலேயே குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார். பட்டியலில் அது 'மறுவாசிப்பு' என்று தவறாமல் இடம்பெறும்.

டி.எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கிய டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' அலமாரியில் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே அடையாளத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை. அந்தத் தம்பதியின் பிள்ளை இப்போது எல்.கே.ஜி. போகிறான்.

"சார், அந்த நாவல் எப்படி?" என்று யாராவது கேட்டால் பதில் தயார். "நடை பிரமாதம். நடுவுல கொஞ்சம் தொய்வு."

"முடிவு?"

"அதைச் சொல்லிட்டா உங்களுக்குச் சுவாரஸ்யம் போயிடும் சார்."

நவம்பர் கடைசியில் நோட்டைப் புரட்டினால் அறுபத்துச் சொச்சம்தான் தேறும். அங்கிருந்து ஒல்லிப் புத்தக சீசன் ஆரம்பம். போன டிசம்பரில் அசோகமித்திரனின் 'தண்ணீர்', ஜி. நாகராஜனின் 'குறத்தி முடுக்கு', ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கிவந்தார். மூன்றும் தமிழின் அருமையான நாவல்கள் என்பது அவருக்குத் தெரியாது. மூன்றும் ஒல்லி என்பது தெரியும்.

'தண்ணீர்' ஒரு ராத்திரி வேலை என்றுதான் உட்கார்ந்தார். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடமும் கையுமாக அல்லாடுகிற ஜமுனா அவரை விடவில்லை. படித்த பக்கத்தையே திருப்பிப் படித்தார். மறுநாளும் அதே புத்தகம். மூன்றாம் நாள் காலை சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்து எழுந்துபோய் இறுக்கி மூடினார்.

"என்னங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று வீட்டம்மா பதறிப்போனார்.

கணக்கு தொண்ணூற்றெட்டில் நின்றுவிட்டது. புத்தாண்டன்று துக்கம் விசாரிக்கப் போனேன்.

"அந்த ஜமுனாவால ரெண்டு புஸ்தகம் போச்சு சார்!" என்றார். பிறகு, நான் கேட்காமலே, முடிவு வரைக்கும் கதையை ஒரு மணி நேரம் சொன்னார். தொய்வைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த ஜனவரிக் காட்சியில் அவர் பையை எட்டிப் பார்த்தேன். அசோகமித்திரன் நாவல்கள் மட்டும் நான்கு இருந்தன. இந்த ஆண்டு இலக்கு நூற்றிருபதாம்.