உயர்கல்வித் துறையே, தாங்கள் யார்?

அனுப்புநர்:
செங்கம் சாலைக் குடிமக்களில் ஒருவர்,
ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.

பெறுநர்:
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு அறிவுரை வழங்குதல் – அதன் முதல் தவணையைத் துறைக்கே வழங்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய துறைக்கு,

கல்லூரி திறக்கும் நாள் நெருங்கினால் தமிழ்நாட்டில் தட்டுப்பாடே இல்லாமல் கிடைப்பது முதலாண்டு மாணவர்களுக்கான அறிவுரை. அதற்கு நிதித் துறையின் ஒப்புதல் வேண்டாம், அரசாணை வேண்டாம், டெண்டர் வேண்டாம். ஒரு மைக்கும் இரண்டு சால்வையும் இருந்தால் போதும். செல்போனைத் தள்ளி வையுங்கள், நூலகத்துக்குப் போங்கள், பெற்றோரின் வியர்வையை மறக்காதீர்கள் என்று வரவேற்பு விழாவில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வார். பல்கலைக்கழக மானியக் குழுவும் தன் பங்குக்கு ‘தீக்‌ஷாரம்ப்’ என்ற பெயரில் 2019இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, புதியவர்களை எப்படி வரவேற்றுப் பழக்க வேண்டும் என்று கல்லூரிகளுக்குச் சொல்லிவிட்டது. எல்லாம் நல்ல வார்த்தைகள்தாம். பத்தாம் வகுப்பிலிருந்து கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளைகளுக்கு அவை மனப்பாடமும் ஆகிவிட்டன. ஆனால் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், இன்றுதான் கல்லூரி வாசலை முதன்முதலாகப் பார்ப்பவர்போல் திகைத்து நிற்கும் இன்னொருவர் இருக்கிறார். அவருக்கு மட்டும் யாரும் மைக் பிடித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் தாங்கள்தான்.

இந்த விண்ணப்பம் ரமணாசிரமம் பகுதியிலிருந்து வருவதற்குக் காரணம் உண்டு. ‘நான் யார்?’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து சேரும் இடம் இது. 1902இல் விரூபாட்ச குகைக்குப் போய் ரமண மகரிஷியிடம் அந்தக் கேள்வியை வைத்து, அவர் எழுதிக் காட்டிய பதில்களைப் பெற்றுவந்த சிவப்பிரகாசம் பிள்ளை, தத்துவம் படித்த பட்டதாரி. தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறை ஊழியர். வருவாய்த் துறைக்கும் அந்தக் கேள்விக்கும் அன்று ஏற்பட்ட உறவு இன்றுவரை அறுபடவில்லை. இதே செங்கம் சாலையில் உள்ள அரசு கலைக் கல்லூரியில் சேர வரும் கலசபாக்கத்துப் பிள்ளையோ தண்டராம்பட்டுப் பிள்ளையோ தான் யார் என்பதை முதலில் வருவாய்த் துறையிடம்தான் எழுதி வாங்க வேண்டும். சாதிக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று, வீட்டின் முதல் பட்டதாரி என்பதற்கு ஒன்று. இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். அதன்மேல் ஆதார், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம். அதற்கும் மேல், மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் தனித்தனியே தரும் உறுதிமொழி. ரமணர் காட்டிய வழியில் உடல் நானல்ல, புலன் நானல்ல என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தாங்கள் காட்டும் வழியில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், ஜெராக்ஸ் நகல்களுடன். உதவித்தொகை கொடுப்பவர் சான்று கேட்பதில் தவறில்லை. கேள்வி ஒரே பக்கமாகப் போவதுதான் சிக்கல். மாணவர் தன்னை முழுவதும் நிரூபித்து முடித்த பிறகும், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் தாம் யார் என்று சொல்வதே இல்லை.

ஆகவே முதல் அறிவுரை: ஆத்ம விசாரம் செய்யுங்கள். தங்கள் கல்லூரிகளில் பாடம் நடத்த நிலையான ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில் தொடங்கலாம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்க 2019இல் ஓர் அறிவிப்பு வந்தது, பிறகு ரத்தானது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. ஆகஸ்டில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மறுபடியும் ஓர் அறிவிப்பு. மாணவர்கள் இதை அரியர் என்பார்கள். முதல் முறை ரத்து, இரண்டாம் முறை ஆப்சென்ட், மூன்றாம் முறை எழுத உட்காரும்போது எண்ணிக்கையில் ஆயிரத்துக்கும் மேல் குறைவு. 2019இல் பி.ஏ. முதலாண்டு சேர்ந்தவர் 2024இல் எம்.ஏ.வையும் முடித்து வெளியே போய்விட்டார். அவருக்குப் பாடம் எடுக்க வர வேண்டியவர் அதற்குள் வந்தபாடில்லை. முதலாண்டு மாணவரிடம் ‘அரியர் விழாமல் பார்த்துக்கொள்’ என்று சொல்லும் தகுதி இந்த நாட்டில் யாருக்கெல்லாமோ இருக்கலாம். அந்தப் பட்டியலில் தாங்கள் கடைசியில் வருவதே முறை.

இரண்டாவது அறிவுரை வருகைப் பதிவு பற்றியது. 75 விழுக்காடு வராத மாணவர் கண்டோனேஷன் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கும் வெகுவாகக் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. நல்ல விதி. அதைக் கொஞ்சம் நீட்டி, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் 75 விழுக்காடு நிரம்பாத துறைக்கும் கண்டோனேஷன் விதித்தால் என்ன? காலியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள் நிரப்புகிறார்களே என்று தாங்கள் சொல்லக்கூடும். உண்மை, அவர்கள் இல்லாவிட்டால் பல வகுப்பறைகளில் கரும்பலகைதான் பாடம் நடத்த வேண்டியிருக்கும். ஆனால் அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என மானியக் குழு 2019இல் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் கிடைப்பது 25,000. அதுவும் பதினொரு மாதத்துக்கு. மே மாதத்தில் பசிக்காது என்பது துறையின் கணிப்பு. அடுத்த ஜூனில் தமக்கு வேலை உண்டா என்று தெரியாத ஒருவர், ‘ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொள்’ என்று பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அறிவுரையில் பொய் இல்லை. சொல்பவரின் நிலைமைதான் அதை நம்ப முடியாததாக்குகிறது.

வருகை என்ற பேச்சு எழுந்ததால் ஊர் நிலவரத்தையும் பதிவு செய்கிறேன். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி இந்தச் செங்கம் சாலை. பௌர்ணமிதோறும் இங்கே கூட்டம் நெரியும். கார்த்திகை தீபத்துக்கு ஊர் எல்லையிலேயே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைக்கும். போளூரிலிருந்தும் வேட்டவலத்திலிருந்தும் வரும் மாணவர் ஊரைக் கடந்து கல்லூரியை அடைவதே அன்று ஒரு பிரார்த்தனை. தீபம் வருவது கார்த்திகை மாதத்தில். செமஸ்டர் தேர்வுகள் நடப்பதும் ஏறத்தாழ அந்தப் பருவத்தில். பஞ்சாங்கம் பல மாதங்களுக்கு முன்பே கையில் கிடைக்கிறது. சந்திரன் எந்த அறிவிப்பையும் தள்ளிவைத்ததில்லை. எந்தெந்த நாளில் பேருந்து எங்கே நிற்கும், அன்றைய வருகைப் பதிவை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால், நேரம் தவறாமை பற்றிய சொற்பொழிவு பாதியாகச் சுருங்கும்.

இனி மறுப்புகள். அரசு எவ்வளவு செய்திருக்கிறது என்று பார்க்காமல் எழுதுவதா என்று கேட்கலாம். பார்த்துத்தான் எழுதுகிறேன். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசுக் கல்லூரிக்கான இணைய விண்ணப்பத்துக்கு வாங்குவதே 50 ரூபாய்தான். வேறு மாநிலங்கள் பொறாமைப்பட வேண்டிய சாதனை இது. என் வாதத்துக்கு வலு சேர்ப்பதும் இதுவே. கல்லூரி என்றால் என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாத குடும்பங்களிலிருந்து பிள்ளைகளை வாசல்வரை அழைத்து வந்துவிட்டீர்கள். பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும் விவரங்கள் இவர்களுக்குக் கல்லூரியிலிருந்து மட்டுமே கிடைக்க முடியும். அங்கே விவரத்துக்குப் பதிலாக ஒழுக்கம் பற்றிய உரையைக் கொடுத்தால், அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருப்பதைக் கொடுத்து, இல்லாததை மறுத்ததாகிறது.

ஒழுக்கம் வேண்டாமா, கையில் செல்போனை வைத்துக்கொண்டு சீரழிகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. வேண்டும்தான். ஆனால் சேர்க்கைக்கு விண்ணப்பித்ததும் தரவரிசையைப் பார்த்ததும் உதவித்தொகை வந்த குறுஞ்செய்தியைப் படித்ததும் அந்தச் செல்போனில்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாணவர் கையேடு கொடுக்கிறோமே என்பது மூன்றாவது. கையேட்டில் மாணவர் செய்யக் கூடாதவை விரிவாக இருக்கும்; கல்லூரி செய்ய வேண்டியவை சுருக்கமாக இருக்கும்; செய்யாமல் விட்டவை இருக்கவே இருக்காது. உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் பயந்து தனியார் கல்லூரிக்கு ஓடிவிடுவார்கள் என்பது நான்காவது. எந்தப் பாடவேளையில் ஆசிரியர் வரமாட்டார் என்பது இரண்டாம் வாரத்திலேயே மாணவருக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசிவரை தெரியாமல் இருப்பது அப்பா அம்மாவுக்கு மட்டுமே. தவிரவும், தனியார் கல்லூரியின் கட்டணத்தைக் கட்ட முடிந்தவர் இந்த வரிசையில் நின்றிருக்கவே மாட்டார்.

ஐந்தாவதாக, குறைகள் இருந்தால் மனு கொடுக்கலாமே என்பீர்கள். ரமணர் மௌனத்தாலேயே உபதேசித்தவர் என்று இங்கே சொல்வார்கள். அவர்முன் உட்கார்ந்தவர்களுக்குக் கேள்விகள் அடங்கின. மனுக்களின் விஷயத்தில் துறையும் அந்த முறையையே கைக்கொள்கிறது; பலன் மட்டும் நேர்மாறு.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஒரே ஒரு தாள். அது போதுமா என்று ஐயம் வந்தால், இந்த ஊரோடு தொடர்புடைய ஒரு பழைய கல்லூரிக் கட்டணக் கணக்கைப் பாருங்கள். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் பள்ளி மாணவர் வேங்கடராமன் (பின்னாளில் ரமணர்), அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். போகுமுன் ஒரு சீட்டு எழுதி வைத்தார். தான் போவதும், கட்டணம் கட்டப்படவில்லை என்பதும், மீதி இரண்டு ரூபாய் அங்கே இருப்பதும் அதில் இருந்தன. பதினாறு வயதுப் பையன் வீட்டைவிட்டு ஓடும் அவசரத்தில் எழுதிய அந்தச் சீட்டில், எது இருக்கிறது, எது நடக்கவில்லை என்ற இரண்டும் தெளிவாக இருந்தன. எங்கும் ஓட வேண்டிய அவசரமில்லாத ஒரு துறையால் அவ்வளவு எழுத முடியாதா?

கல்லூரி திறக்கும் நாளில் ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் தமிழில் அச்சடித்த அந்தத் தாள் கிடைக்கட்டும். அவருடைய பாடப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர்கள் எத்தனை, இருப்பவர் எத்தனை. கால அட்டவணை என்ன. கல்லூரிக்குச் செலுத்தும் ஒவ்வொரு ரூபாயும் எதற்கு. உதவித்தொகை வராவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் பிழை வந்தால் இங்கேயே திருத்தலாமா, வேலூரையும் தாண்டிச் சேர்க்காட்டில் இருக்கும் பல்கலைக்கழகம்வரை போக வேண்டுமா. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பொது அமைப்புகள் தம்மைப் பற்றிய விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு 2005இலேயே சொல்லிவிட்டது. ஆகவே நான் கேட்பது சலுகைகூட இல்லை, இருபதாண்டு அரியர். அந்தத் தாளைக் கொடுத்த பிறகு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அறிவுரை சொல்லுங்கள். சால்வைச் செலவை ஊரார் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செங்கம் சாலைக் குடிமக்களில் ஒருவர்.

நகல்: முதலாண்டு மாணவர்கள் அனைவருக்கும் – தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும். அந்தத் தாள் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள்.