பிளக்கின் பழுப்பு: தோல் பிரதேசத்தில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் குறித்த ஓர் ஆய்வு

பழைய அம்பாசிடரின் கார்புரேட்டரைச் சரிசெய்வதில் மூன்று மரபுகள் உண்டு. சைலன்சர் புகையை முகர்ந்து சொல்வது மூக்கு மரபு. இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டுச் சொல்வது காது மரபு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது கண் மரபு. வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை மூக்கு மரபு செல்லாது. டேனரிப் பக்கம் காற்றடிக்கும்போது பெட்ரோல் வாடையைத் தனியே பிரித்தறிந்தேன் என்பவரை நம்புவது ஆய்வு நெறிக்கு அடுக்காது. காற்று திசை மாறினாலோ பிரியாணி. காது மரபின் கதையை நெடுஞ்சாலை லாரிகள் முடித்துவிட்டன.

எஞ்சியது கண் மரபு. பிளக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், பழுப்பென்றால் சரி. மற்ற ஊர்களுக்கு இந்தப் பாடம் போதும். ஆம்பூரிலோ பழுப்பைப் பார்த்தே பிழைப்பவர்கள் ஏராளம். பட்டறையில் மெக்கானிக் பாய் பிளக்கைத் தூக்கி, "பாருங்க சார், நல்ல பிரவுன்" என்பார். பக்கத்தில் டீ குடிக்கும் டேனரி ஃபினிஷிங் மாஸ்டர் விடமாட்டார். "எந்த பிரவுன் பாய்? டேனா, டார்க் டேனா, கோனியாக்கா? எனக்கு ஆவாரம்பட்டை மாதிரி தெரியுது." ஷேடு கார்டு வந்துவிட்டால் அன்றைக்கு வண்டி கிளம்பாது. (இத்தனை தோல் ஞானத்துக்கு நடுவே அந்த அம்பாசிடரின் சீட் ரெக்சின் என்பது தனி ஆய்வுக்குரியது.)

ஆகவே நிறமறியாத ஒரு நடுவர் தேவை. அதுதான் 1976-இல் வால்வோ காருக்காக பாஷ் தந்த ஆக்சிஜன் சென்சார். உள்ளே சிர்கோனியா பீங்கான். வெளிக்காற்றின் ஆக்சிஜனையும் புகையின் ஆக்சிஜனையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை வோல்ட்டாகச் சொல்லும். சுமார் 300 டிகிரி சூடேறாமல் வாய் திறக்காது. ஈயம் கலந்த பெட்ரோல் அதற்கு விஷம். நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000-இல்தான் என்பதால், பாயின் முன்னோர் பிளக்கை நம்பியதில் குற்றமில்லை.

பொருத்துவது எளிது. புகைக்குழாய்கள் ஒன்றுசேரும் இடம் தாண்டித் துளையிட்டு, 18 மில்லிமீட்டர் மரை கொண்ட வளையத்தை லேத்தில் கடைந்து வெல்டிங் வைக்க வேண்டும். குழாயின் மேற்பாதியில், சாய்வாக. இல்லையேல் தண்ணீர் தேங்கிப் பீங்கான் வெடிக்கும். சென்சாருக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து, அதன் வோல்ட்டைக் காட்டும் மீட்டர் காற்று அதிகம் என்று பொய் சொல்லும். செலவு யாருடையது? மாசுபடுத்துபவரே தர வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே வேலூர் குடிமக்கள் தொடுத்த டேனரி வழக்கில்தான். கரும்புகை விடும் கார்க்காரர் மேல்முறையீடு செய்ய இடமில்லை.

எத்தனால் கலக்காத பழைய பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு. 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். கார்புரேட்டரின் பழைய ஜெட்டோ பழைய கணக்கிலேயே ஊற்றுவதால் வண்டி காற்றைத் தின்று சூடாகிறது. சென்சார் இதைச் சொல்லும், திருத்தாது. ஸ்க்ரூவைத் திருகப் பாய்தான் வர வேண்டும்.

இறுதிச் சோதனை ஏலகிரி மலைச்சாலை. 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரில். மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து கலவை கெட்டியாகும். பாரி வளைவு வரும்போதும் மீட்டர் பெட்ரோல் அதிகம் என்றே சொன்னால், முன்னுதாரணம் இருக்கிறது. சாலையோரம் ஏதாவது கொடி தென்படுகிறதா என்று பார்க்கலாம்.